ஒரே டிரம்ஸ் செட், மேடைக்கு மேடை ஒரு கார்வை

என்னிடம் இருப்பது ஒரே ஒரு டிரம்ஸ் செட். காலால் மிதித்து அடிக்கும் 22 அங்குலக் கிக், ஸ்டிக்கால் உருட்டும் 10, 12, 14 அங்குல டாம்கள், அடியில் கம்பி கட்டிய 14 அங்குல ஸ்நேர். மேப்பிள் மரத்தில் செய்த, நடுத்தர விலைச் செட். மெல்லிசைக் கச்சேரி, தேவாலய ஆராதனை, ஓட்டல் லவுஞ்சில் ஜாஸ், கல்லூரிப் பையன்களோடு ராக், மிருதங்கத்தோடு ஃபியூஷன் என்று எல்லா மேடைக்கும் இதைத்தான் தூக்கிக்கொண்டு போகிறேன். ஒவ்வொரு இடத்திலும் அது வேறு வேறு வாத்தியமாக ஒலிக்க வேண்டும். அதற்கு எத்தனையோ வழி சொல்வார்கள். எனக்குத் தெரிந்தவரை முதலில் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: அடித்த பிறகு அந்த ஒலி எவ்வளவு நேரம் நிற்கிறது? அதைத்தான் கார்வை என்கிறேன். ஒலி கூர்மையா கனமா, உரக்கவா மெதுவாகவா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

டிரம்ஸ் வாசிக்கும் இளைஞர்கள் பெரும்பாலும் சுருதியைப் பற்றியும் சத்தத்தைப் பற்றியும்தான் கேட்கிறார்கள். கார்வையைப் பற்றிக் கேட்பவர் குறைவு. ஆனால் ஒரு பாணியின் முகம் அங்கேதான் இருக்கிறது. ஜாஸ் கிக்குக்கு நீண்ட நாதம் வேண்டும். ஃபங்க் கிக் அடித்த மாத்திரத்தில் அடங்க வேண்டும். மெதுவான ராக் பாட்டில் டாம் உருண்டு நிறைய வேண்டும். அதே நாதம் வேகமான மெட்டலில் வந்தால் ஒரு அடி இன்னொரு அடியின் மேல் ஏறி எல்லாம் குழம்பிவிடும்.

கார்வையைத் தீர்மானிப்பது நான்கு விஷயங்கள்: டிரம்மின் மேலும் கீழும் இழுத்துக் கட்டிய ஸ்கின்னின் தடிமன், மேல் ஸ்கின்னுக்கும் கீழ் ஸ்கின்னுக்கும் உள்ள உறவு, உள்ளேயோ மேலேயோ நாம் வைக்கும் துணி, வாசிக்கும் கூடம். ஒற்றை அடுக்கு ஸ்கின் பொதுவாக 10 மில், அதாவது கால் மில்லிமீட்டர் கனம். நீண்டு ஒலிக்கும், மெல்லத் தொட்டாலும் பதில் சொல்லும். இரட்டை அடுக்கில் 7 மில் தாள்கள் இரண்டு ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். ஒலி சற்றுக் குறுகும், அடி தடிக்கும், பலமாக அடித்தாலும் தாங்கும். ரெமோவின் பின்ஸ்ட்ரைப் போன்றவற்றில் இரண்டு தாள்களின் ஓரத்திலும் பசை இருப்பதால் இன்னும் சீக்கிரம் அடங்கும். கச்சேரிக்காரர்களுக்கு நான் சொல்வது: மேலே இரட்டை அடுக்கு, கீழே ஒற்றை அடுக்கு. ஜாஸ்தான் உங்கள் வழி என்றால் இரண்டு பக்கமும் ஒற்றை அடுக்கு, மேலே வெள்ளைப் பூச்சு உள்ளதாக.

இரண்டு ஸ்கின்களும் ஒரே சுருதியில் இருந்தால் நாதம் நெடுநேரம் நிற்கும். கீழ் ஸ்கின்னைக் கொஞ்சம் ஏற்றினால் நாதம் சுருங்கும். அடித்ததும் சுருதி லேசாகக் கீழே வழுக்கும். கச்சேரி டாம்களை நான் இப்படித்தான் வைக்கிறேன். நட்டைத் திருகி ஸ்கின்னை இறுக்கும் சாவியான டிரம் கீ ஒன்றை வைத்துக்கொண்டு அரை மணி நேரத்தில் செய்துவிடலாம். புதுச் செட் வாங்குவதைப் பற்றி யோசிக்கும் முன் இதைச் செய்து பார்த்துவிடுங்கள்.

நான் அதிகம் வாசிப்பது மெல்லிசை மேடை. அங்கே டிரம்மர் ஒருபோதும் தனியாள் இல்லை. பக்கத்தில் தபேலா, டோலக், பல குழுக்களில் காங்கோ, அதோடு ரிதம் பேட். கிக்கும் பேஸ் கிட்டாரும் தபேலாவின் இடக்கை டிரம்மான டக்காவும் அடிப்பகுதியில் ஒரே இடத்துக்கு மோதுகின்றன. எங்கள் குழுவின் மூத்த தபேலாக்காரர் ஒருமுறை ஒத்திகையில் சொன்னார்: "தம்பி, உன் கிக் அடங்குவதற்குள் என் டக்கா வந்து போய்விடுகிறது." மைக் அளவைக் குறைக்கச் சொல்லி அவர் கேட்கவில்லை, நாதத்தைக் குறைக்கச் சொன்னார். "அண்ணே, இப்போது பாருங்கள்" என்று உள்ளே ஒரு போர்வையை மடித்துத் திணித்து மறுபடி வாசித்தேன். டக்காவின் அந்தக் குழைவு, கையின் அடிப்பாகம் தோலில் இழுபடும் ஓசை உட்பட, மேலே வந்துவிட்டது. கிக்கின் சத்தம் துளியும் குறையவில்லை.

அந்தப் போர்வையை எப்படி வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மெல்லிய பருத்திப் போர்வையை நீளவாக்கில் மடித்து, பீட்டர் (பெடலில் உள்ள சுத்தி) அடிக்கும் ஸ்கின்னின் அடிப்பாகத்தை ஒரு கையளவு உயரத்துக்குத் தொட்டுக்கொண்டிருக்கும்படி வைக்க வேண்டும். முன்புற ஸ்கின்னை அது தொடவே கூடாது. தொட்டால் கிக் செத்துவிடும். அட்டைப்பெட்டியைத் தட்டியது போல் வறண்ட ஒலி மட்டும் மிஞ்சும். தலையணையை முழுதாகத் திணித்து இரண்டு பக்கமும் முட்டவிடும் பழக்கம் நம் மேடைகளில் நிறைய இருக்கிறது. மைக்குக்கு அது வசதி, ஆனால் அடிநாதம் மொத்தமும் போய்விடும். கச்சேரிக்கு நான் பயன்படுத்தும் முன்புற ஸ்கின்னில் ஐந்து அங்குல ஓட்டை நடுவிலிருந்து தள்ளி ஓரமாக இருக்கும். அதன் வழியே மைக்கும் போகும், போர்வையைச் சரிசெய்யக் கையும் போகும்.

மெல்லிசையின் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. ஒரே மேடையில், அடுத்தடுத்த பாட்டில், அறுபது வருட ஒலி மாற்றம் நடந்தாக வேண்டும். எம்.எஸ். விஸ்வநாதன் காலத்துப் பாட்டு முடிந்த கையோடு எண்பதுகளின் இளையராஜா பாட்டு, அது முடிந்ததும் போன மாதம் வந்த பாட்டு. நோயல் கிராண்ட் போன்றவர்கள் டிரம்ஸ் வாசித்த அந்தக் காலத்தில் வாத்தியக்காரர்கள் எல்லோரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து, பாடகரோடு சேர்ந்து வாசித்துப் பாட்டு பதிவாகும். அங்கே டிரம்ஸ் நீண்டு முழங்கினால் அது எல்லா மைக்கிலும் புகுந்துவிடும். அதனால் வறண்ட, சின்ன, மென்மையான ஒலி. புருஷோத்தமன் இளையராஜாவிடம் வாசித்த காலத்துக்கு வரும்போது கிக்கும் ஸ்நேரும் தனித்தனியாகக் காதில் நிற்கின்றன. டாம் உருட்டல்கள் பாட்டின் முக்கியமான இடங்களில் முன்னுக்கு வருகின்றன. இந்த வித்தியாசத்தைக் காட்டாமல் எல்லாப் பாட்டையும் ஒரே ஒலியில் அடித்தால், பாடகர் எவ்வளவு உருகிப் பாடினாலும் அந்தக் காலம் மேடைக்கு வராது. மக்கள் காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் அதை உணர்கிறார்கள்.

இரண்டு பாட்டுகளுக்கு நடுவே நட்டைத் திருகிக்கொண்டிருக்க முடியாது. அறிவிப்பாளர் பேசும் சில நொடிகளில் என்ன செய்ய முடியுமோ அதைத்தான் செய்யலாம். நான் ஸ்நேரைப் பொதுவான ஒரு நடுச் சுருதியில் வைத்துவிட்டு, மற்றதைக் கையாலும் துணியாலும் மாற்றிக்கொள்கிறேன். பழைய பாட்டு என்றால் ஸ்நேர் மேல் ஒரு மெல்லிய துண்டு. பீட்டில்ஸின் ரிங்கோ ஸ்டார் ஒலிப்பதிவுகளில் டீ டவலை விரித்து வாசித்தவர். அந்த அமுங்கிய ஒலியை உலகமே பின்பற்றியது. துண்டு ஸ்கின் முழுவதையும் மூடினால் வறண்ட பழைய ஒலி, பாதியை மூடினால் எழுபதுகள், எடுத்துவிட்டால் இன்றைய ஒலி. அவ்வளவு எளிது. லத்தீன் சாயல் தாளம் வரும் பாட்டில் ஸ்நேரின் கம்பியை நெம்புகோலால் இறக்கிவிட்டால் அது லத்தீன் இசையின் டிம்பாலி டிரம் போல ஒலிக்கும். மெலடியில் ஸ்டிக்கைக் குறுக்கே படுக்கவைத்து ரிம்மில் (டிரம்மின் விளிம்பு வளையம்) தட்டும்போது, தடித்த முனை ரிம் பக்கம் வரும்படி திருப்பிப் பிடியுங்கள், ஒலி கனமாகும்.

எந்த இடத்தில் அடிக்கிறோம் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஸ்நேரின் நடுவில் அடித்தால் குறுகிய, கெட்டியான ஒலி. ஓரத்துக்கு இரண்டு அங்குலம் தள்ளினால் நாதமும் மேல் ஸ்வரங்களும் கிளம்பும். ரிம்மும் ஸ்கின்னும் சேர்ந்து அடிபட்டால் வெடிப்பு. கைவசம் இருக்கும் இந்த மூன்று ஒலிக்கும் செலவு எதுவும் கிடையாது.

எண்பதுகளின் ஒலியைப் பற்றி இன்னொன்று. 1980-ல் வெளிவந்த ஆங்கிலப் பாடகர் பீட்டர் கேப்ரியலின் ஆல்பத்தில் ஃபில் காலின்ஸ் டிரம்ஸ் வாசித்தார். ஒலிப்பொறியாளர் ஹ்யூ பேட்ஜம் அந்தச் சமயத்தில் உருவாக்கிய ஓர் ஒலி உலகம் முழுவதும் பரவியது. கூடத்தின் எதிரொலியைப் பெரிதாக எழுப்பிவிட்டு, அது தானாகத் தேய்ந்து மறையும் முன் கேட் என்னும் கருவியால் சட்டென்று வெட்டுவது. நீளமும் குறுக்கமும் ஒரே அடியில். பெரிதாகத் தொடங்கி திடீரென்று நின்றுவிடும் அந்த ஸ்நேர் ஒலி எண்பதுகளின் அடையாளமாகவே ஆகிவிட்டது. இன்றைய டிஜிட்டல் மிக்ஸர்களில் இதை எளிதாக அமைக்கலாம். சவுண்ட் இன்ஜினியரிடம் முன்கூட்டியே பாட்டுப் பட்டியலைக் கொடுத்து, எந்தப் பாட்டுக்கு அது வேண்டும் என்று குறித்துக் கொடுங்கள். அவரைக் குழுவின் உறுப்பினராக நடத்தினால் உங்கள் டிரம்ஸ் இரண்டு மடங்கு நன்றாக ஒலிக்கும்.

ஸ்நேரைச் சுருதி கூட்டும் முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், மற்றவையெல்லாம் இதிலிருந்து வருபவைதான். பழைய ஸ்கின்னைக் கழற்றியதும் மரத்தின் விளிம்பை உலர்ந்த துணியால் சுற்றிலும் துடையுங்கள். விரலை ஓட்டிப் பாருங்கள். ஒரு தூசி, ஒரு சில்லு இருந்தாலும் அந்த இடத்தில் ஸ்கின் உட்காராது. புது ஸ்கின்னையும் வளையத்தையும் வைத்து, எல்லா நட்டுகளையும் விரலாலேயே இறுகும்வரை திருகுங்கள். பிறகு கீ. வரிசையாகச் சுற்றிவரக் கூடாது. ஒன்றைத் திருகினால் அடுத்தது அதற்கு நேர் எதிரே உள்ளது. ஒவ்வொன்றுக்கும் அரைத் திருகு, போகப் போகக் கால் திருகு. ஸ்கின்னில் சுருக்கம் மறைந்ததும் உள்ளங்கையை நடுவில் வைத்து மெல்ல அழுத்துங்கள். மொறமொறவென்று ஓசை வரும். அது ஸ்கின் விளிம்பில் படிகிற ஓசை, பயப்பட வேண்டாம்.

இனிக் காதுதான் வேலை செய்ய வேண்டும். டிரம்மை ஒரு போர்வையின் மேல் வைத்து அடிப்பக்கத்தை அடக்கிவிட்டு, ஒவ்வொரு நட்டுக்கும் ஒரு அங்குலம் உள்ளே ஸ்டிக் முனையால் மெல்லத் தட்டுங்கள். தாழ்ந்து ஒலிக்கும் நட்டைத்தான் ஏற்ற வேண்டும். ஏறியதை இறக்கிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். இறக்கத்தான் வேண்டும் என்றால் தேவைக்கும் கீழே இறக்கிவிட்டு மறுபடி ஏற்றுங்கள், அப்போதுதான் நிற்கும். அடி ஸ்கின் வெறும் 3 மில் கனம். அதை நன்றாக இறுக்கலாம், இறுக்கவும் வேண்டும். ஸ்நேர் கம்பியை மட்டும் இறுக்கிக்கொண்டே போகாதீர்கள். ஓரத்தில் விரல் நுனியால் தட்டும்போதும் கம்பி பேச வேண்டும். பேசவில்லை என்றால் திருகைத் தளர்த்துங்கள். ஃபங்க் பாட்டில் பெரிய அடிகளுக்கு நடுவே வரும் மெல்லிய தட்டல்கள் இந்த ஓர் அமைப்பை நம்பித்தான் உயிரோடு இருக்கின்றன.

பேஸ் கிட்டார் வாசிக்கும்போது ஸ்நேர் தானாகவே உறுமுகிறது என்று பலர் சொல்கிறார்கள். கம்பியை இறுக்கி அதை நிறுத்தப் பார்க்காமல், 10 அங்குல டாமையோ ஸ்நேரின் மேல் ஸ்கின்னையோ அரைச் சுருதி நகர்த்திப் பாருங்கள். ஒத்த சுருதியில் இருப்பதால்தான் ஒன்று மற்றதை எழுப்புகிறது.

ஜாஸுக்கு வரும்போது இதுவரை சொன்னதைத் தலைகீழாக்க வேண்டும். போர்வையை வெளியே எடுத்துவிடுகிறேன். ஓட்டையில்லாத முன்புற ஸ்கின் ஒன்றை இதற்காகவே வைத்திருக்கிறேன். அதை மாட்டி இரண்டு பக்கத்தையும் நன்றாக ஏற்றிவிடுவேன். ஜாஸ் டிரம்மர்கள் பலர் 18 அங்குலக் கிக் வைத்திருப்பார்கள். 22 அங்குலம் அந்த உயர்ந்த சுருதிக்கு முழுதாக வராது. ஆனால் மென்மையான ஃபெல்ட் பீட்டரை மாட்டி, ஸ்கின்னில் அழுத்தி வைக்காமல் அடித்ததும் பின்வாங்கவிட்டால் கிக் ஒரு தாழ்ந்த டாம் போலப் பாடத் தொடங்கும். ஜாஸ் டிரம்மர்கள் நான்கு எண்ணிக்கையிலும் அதை மிக மெல்லத் தொட்டுக்கொண்டே போவார்கள், டபுள் பேஸ் என்னும் பெரிய தந்தி வாத்தியத்தின் கீழே உணரும் அளவுக்கு மட்டும். மெல்லிசை மேடையிலிருந்து வருகிறவருக்கு இது காலுக்கு நல்ல பாடம்.

பிரஷ் வாசிக்க வெள்ளைப் பூச்சுள்ள ஸ்கின் கட்டாயம். பிரஷ்ஷின் கம்பிகள் அந்தச் சொரசொரப்பில் உரசித்தான் ஒலி பிறக்கிறது. வழவழப்பான தெளிந்த ஸ்கின்னில் எவ்வளவு தேய்த்தாலும் ஒன்றும் கேட்காது. பூச்சு தேய்ந்துவிட்ட ஸ்கின்னும் அப்படித்தான். இன்னொன்றையும் கவனித்தேன்: ஜாஸில் தாளத்தின் ஓட்டத்தைச் சொல்வது ரைட் சிம்பல், அதாவது தொடர்ந்து தட்டும் பெரிய உலோகத் தட்டு. கிக்கும் ஸ்நேரும் அதற்குப் பதில் சொல்பவைதான். ஆகவே ஒலி அமைப்பை ரைட்டிலிருந்து தொடங்கி, மற்றவற்றை அதன் கீழே அடங்கும் அளவில் வையுங்கள்.

ராக் என்றதும் பையன்கள் டாம்களைத் தொளதொளவென்று தளர்த்திவிட்டு, டேப்பை ஒட்டி, முழு பலத்தோடு அடிக்கிறார்கள். பெரிய ஒலிக்கு அது வழியில்லை. லெட் செப்பலின் ராக் குழுவின் ஜான் பானம் வாசித்தது 26 அங்குலக் கிக். டிரம்களை அவர் உயர்ந்த சுருதியிலேயே வைத்தார், துணி திணிப்பதும் குறைவு. டிரம்மின் உடல் முழுவதும் அதிர்வதால்தான் அந்த ஒலி பெரிதாகிறது. அளவில் சின்ன டாமைத் தளர்த்தினால் அது பெரிதாவதில்லை, சோர்ந்துபோகிறது. என் 14 அங்குல டாமில் ராக்குக்கு மேல் ஸ்கின்னையும் கீழ் ஸ்கின்னையும் ஒரே சுருதிக்குக் கொண்டுவந்து, ஒட்டியதையெல்லாம் பிய்த்தெடுத்துவிடுகிறேன். வேகமான மெட்டல் என்றால் அது கூடாது; இரட்டைப் பெடலில் கிக் விரைந்து விழும்போது ஒவ்வோர் அடியும் தனியாகக் கேட்க வேண்டும். போர்வை உள்ளே போகிறது, ஃபெல்ட்டுக்குப் பதில் பிளாஸ்டிக் பீட்டர் வருகிறது.

ரெகேயில் ஒரு விஷயம் போதும். முதல் எண்ணிக்கையைக் காலியாக விட்டு மூன்றாவதில் கிக்கும் ரிம் தட்டும் சேர்ந்து விழும் அந்தத் தாளத்துக்கு, ஸ்நேர் உயர்ந்த சுருதியிலும் கிக் தாழ்ந்து உருண்டையாகவும் இருக்க வேண்டும்.

தேவாலயம் எனக்கு மிகவும் பிடித்த, மிகவும் கடினமான மேடை. உயர்ந்த கூரை, கல் தரை, சுவரெல்லாம் சுண்ணாம்புப் பூச்சு. அந்தக் கூடமே ஒவ்வோர் அடியையும் இழுத்து நீட்டிவிடுகிறது. நம் டிரம்மின் கார்வையோடு கூடத்தின் கார்வையும் சேரும், பாட்டின் வார்த்தைகள் அதில் மூழ்கும். அங்கே வார்த்தைகள்தான் ஆராதனை. ஆகவே டிரம்மைக் கூடுமானவரை குறுக்கிவிட வேண்டும்: டாம்களின் ஓரத்தில் நாதத்தை அடக்க ஒட்டும் ஜெல் துண்டு, கிக்கில் போர்வை, ஸ்டிக்குக்குப் பதில் மெல்லிய குச்சிகளைக் கட்டாகக் கட்டிய ராட்ஸ். டிரம்ஸுக்குக் கீழே கனமான ஜமுக்காளம் விரியுங்கள். கண்ணாடித் தடுப்பு வைக்கிறார்கள். அது மட்டும் போதாது, பின்சுவரிலும் தடித்த திரை வேண்டும். இல்லையென்றால் ஒலி தடுப்பில் மோதி வாசிப்பவர் மேலேயே திரும்பி வரும்.

இதற்கு நேர் எதிர் திருவிழாவின் திறந்தவெளி மேடை. சுவர் இல்லை, கூரை பந்தல் துணிதான், ஒலி போனது போனதுதான். அதே செட் அங்கே சுருங்கி வறண்டு கேட்கும். ஜெல்லை எல்லாம் எடுத்துவிடுங்கள்.

மிருதங்கத்தோடு வாசிப்பது தனிக் கலை. மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலை பாடகரின் சுருதியில் நிற்கிறது. பாடகர் ஐந்து கட்டை என்றால் ஆதார சட்ஜம் ஜி. என் டாம் ஒன்று அதற்கு அரை ஸ்வரம் தள்ளி நீண்டு ஒலித்தால், பல ராகங்களில் இல்லாத ஒரு ஸ்வரத்தை நான் விடாமல் மீட்டிக்கொண்டிருப்பதாக அர்த்தம். பாடகருக்கு அது முள்ளாகக் குத்தும். எனவே கைபேசியில் தம்புராவை ஓடவிட்டு, டாம்களைச் சட்ஜத்துக்கும் பஞ்சமத்துக்கும் பக்கத்தில் கொண்டுவருகிறேன். ஒத்துவராத டாமை மேடையிலிருந்தே எடுத்துவிடுகிறேன். கிக்கையும் தாழ்த்தி அடக்கிவிட வேண்டும், மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் எழும் கும்கி என்னும் தாழ்ந்த நாதத்துக்கு இடம் தேவை. மிருதங்கத்தின் ஒரு சொல்லில் ஐந்தாறு விதமான நாதம் இருக்கிறது. அதன் மேல் க்ராஷ் சிம்பலை விழவைத்தால் அந்த நுணுக்கம் அவ்வளவும் போச்சு. தனி ஆவர்த்தனத்தில் நான் பெரும்பாலும் ஹை-ஹாட்டும் (காலால் மூடித் திறக்கும் இரட்டைச் சிம்பல்) பிரஷ்ஷும் மட்டுமே வைத்துக்கொள்கிறேன்.

சிம்பலுக்கு நட்டும் கிடையாது, சுருதி கூட்டவும் முடியாது. அதனால் கையில் காசு இருந்தால் டிரம்முக்கு முன் சிம்பலுக்குச் செலவழியுங்கள். மெல்லிய, இருண்ட ஒலியுள்ள 20 அங்குல ரைட் ஒன்றும், 14 அங்குல ஹை-ஹாட் ஒன்றும் நல்லதாக இருந்தால் பல பாணிகளைச் சமாளிக்கலாம். கனமான, பளீரென்ற சிம்பல் பெரிய ராக் மேடைக்கு மட்டும்தான் சரிப்படும். சின்னக் கூடத்தில் அது எல்லோரையும் விரட்டும்.

என் பையில் டிரம் கீ இரண்டு, பருத்திப் போர்வை, இரண்டு துண்டு, ஜெல் துண்டுகள், துணி டேப், ஃபெல்ட் பீட்டர், பிரஷ், ராட்ஸ், ஸ்நேருக்கு மாற்று ஸ்கின் ஒன்று எப்போதும் இருக்கும். ஆனால் சவுண்ட் செக்கில் நான் தவறாமல் கேட்டு வாங்குவது இன்னோர் ஆளை. டிரம்ஸில் உட்கார்ந்து கேட்கும் ஒலி வேறு, கடைசி வரிசையில் கேட்கும் ஒலி வேறு. குழுவில் யாரையாவது உட்காரவைத்து, "கிக்கை மட்டும் அடித்துக்கொண்டே இரு" என்று சொல்லிவிட்டு நான் கூடத்தின் பின்பக்கம் வரை நடந்து போவேன். அடுத்த அடி விழுவதற்குள் முந்தைய அடி அடங்குகிறதா என்று கேட்பேன். அடங்கவில்லை என்றால் திரும்பி வந்து போர்வையை பீட்டர் அடிக்கும் ஸ்கின்னை நோக்கி ஒரு விரல் அளவு தள்ளுவேன். அடித்த உடனே செத்துவிடுகிறது என்றால் அதிலிருந்து ஒரு விரல் அளவு விலக்குவேன். பிறகு பேஸ் கிட்டாரையும் தபேலாவையும் சேர்ந்து வாசிக்கச் சொல்லி மறுபடி ஒரு நடை போய்க் கேட்டுவிட்டு வருவேன்.